பெட்போர்டுக்கு ஒரு பின் பம்பர்

செப்டெம்பர் 3, செவ்வாய்

பின் பம்பர் போய்விட்டது. மீன் வாடியில் ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு லொறியைப் பின்னுக்கு எடுத்தேன். சுவரில் இடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டேன். டங் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வலப்பக்கம் முறிந்து தொங்குகிறது. வாப்பா பூட்டிய இரும்புச் சட்டம். மேலே கறுப்புப் பெயின்ட், உள்ளே முழுக்கத் துரு. விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. போன வருசம் இதில் கயிறு கட்டித்தானே அத்தனை போட்டையும் கரைக்கு இழுத்தேன்? 

வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். புருசன் சஜீத் வந்து குனிந்து பார்த்தார். கவலைப்படுவார் என்று நினைத்தால் — மனுசனுக்குச் சந்தோசம்!

"நல்லதாப் போச்சு றிஷானா. இனி இதுக்கு ஒரிஜினல் பம்பர் ஒண்டு தேடிப் போடுவம்."

ஒரிஜினலாம். எனக்கு வந்த விசருக்குக் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன்.

செப்டெம்பர் 4

கோபம் ஆறிய பிறகு எழுதுகிறேன். ஆறியதா? பாதி.

லொறி அறுபத்தெட்டாம் ஆண்டுப் பெட்போர்ட். இலக்கத் தகட்டில் இன்னும் அந்தப் பழைய சிறீ எழுத்து. எங்கள் பக்கத்தில் வீட்டை மகளுக்குத்தான் எழுதுவார்கள். வாப்பா வீட்டோடு சேர்த்து லொறியையும் என் பெயருக்கு எழுதிவிட்டார். வாப்பா மௌத்தாகி, சஜீத்தும் ஏசி திருத்துகிற வேலைக்குக் கட்டார் போன பிறகு அதை விற்கச் சொல்லாத ஆளில்லை. நான் விற்கவில்லை, ஓட்டப் பழகினேன். கனரக லைசன் எடுத்தேன். ஐஸ், மீன் பெட்டி, வலை, பிறகு வாடைக் காற்றுக்கு முந்திய போட் இழுப்பு.

போட் இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அலையில்லாத இறக்கக்கண்டிக் களப்புக்குள் இடம் கிடைக்காத பெரிய போட்டுகளை மாரிக் கடல் எழும்ப முன்னர் கரையேற்றிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டர்கள் முழுவதும் பெரும்போகத்துக்கு வயலில் இறங்கிவிடும். மிச்சம் என் லொறிதான். அந்த இழுப்பை நம்பித்தான் வருசம் முழுக்க ஐஸுக்கும் மீனுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒரு தடவை என்னால் இழுக்க ஏலாமல் போனால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். பிறகு நான் வீட்டுக்குள்.

சஜீத் பங்குனியில் வந்தவர். ஒன்பது வருசத்துக்குப் பிறகு. வந்த நாளிலிருந்து லொறியைக் கழுவுகிறார், துடைக்கிறார், படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறார். பழைய வாகனக்காரர்களின் குரூப் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். ஓட்ட மட்டும் தெரியாது. போட் இழுப்பை ஒரு நாளும் கண்டதுமில்லை.

செப்டெம்பர் 7, சனி

டவுனில் பழைய இரும்புக் கடைகள் ஏறி இறங்கினோம். ஓட்டினது நான். பேசினது அவர்.

கடைக்காரர் என் தலைக்கு மேலால் அவரைப் பார்த்து, "என்ன மாதிரி பம்பர் காக்கா தேடுறீங்க?" என்கிறார். காக்காவென்றால் அண்ணன், அந்தக் கேள்வி எனக்கில்லை. செசி எவ்வளவு அகலம் என்று கேட்டார். செசி என்றால் லொறிக்கு முதுகெலும்பு, முன்னிருந்து பின்வரை ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டம். சஜீத்துக்கு அளவு தெரியாது, நான் சொன்னேன். நான் சொன்ன அளவைக் கடைக்காரர் அவரிடம் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தினார்! "சரிதானே காக்கா?" இந்த மனுசனும் தலையை ஆட்டுகிறார்.

வளைத்த பைப்பில் ஒன்று காட்டினார்கள், புது டபுள்கெப் பிக்கப்புகளுக்குப் போடுகிறது. கயிறு கட்டி இழுத்தால் வாழைத்தண்டு மாதிரி மடங்கிவிடும். முதிரை மரத்தில் போடலாம் என்றார் இன்னொருவர், அது ஒரு மாரிக்குத்தான். எனக்குப் பிடித்தது ஒன்றுமில்லை. அவருக்குப் பிடித்ததெல்லாம் மினுங்குகிறது.

வரும் வழியெல்லாம் கியரை இழுத்து இழுத்துப் போட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

செப்டெம்பர் 13, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தவர் முகம் சரியில்லை. கேட்டால் "ஒண்டுமில்ல". சாப்பாட்டையும் அளைந்துவிட்டு எழும்பிவிட்டார். பிறகு மகள் ஷாமிலா சொன்னாள், பள்ளிவாசல் படியில் யாரோ கேட்டார்களாம்: "என்ன சஜீத், கட்டார்ல இருந்து வந்து பொண்டாட்டிட லொறிக்கு கிளீனரா?"

பகிடிக்குச் சொன்னதுதான். ஆனாலும் பெட்டி ஏற்றி இறக்குகிற பொடியனோடு ஒரு ஆம்பிளையை வைத்துக் கதைத்தால் அவருக்கு எப்படி இருக்கும்? எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

செப்டெம்பர் 14

பக்கீர் காக்கா வந்தார். இந்தக் கரையில் பெரிய போட்டுகள் அவருடையவைதான், மற்றவர்கள் அவர் சொல் கேட்டு நடப்பவர்கள்.

"புள்ள, இந்த முற மழ முந்தும் போல இரிக்கி. லொறி ரெடியா?"

"ரெடியாகும் காக்கா."

"பின்னுக்கு ஒண்டையும் காணல்லயே?"

"வரும் காக்கா."

வரும், வரும். எங்கிருந்து வரும்?

செப்டெம்பர் 16, திங்கள்

மீலாத் லீவு. உம்மா நெய்ச்சோறு ஆக்கினார். சாப்பிட்டு முடிந்து எல்லோரும் நல்ல மனதோடு இருந்த நேரம். அதையும் கெடுத்தாயிற்று.

சஜீத்துக்கு ஒரு திட்டம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்கு மாப்பிள்ளை பொண்ணு படம் எடுக்கப் பழைய வாகனம் வேண்டுமாம். லொறிக்கு நல்ல பெயின்ட், முன்னும் பின்னும் வெள்ளி மாதிரி பம்பர், பெட்டி ஏற்றுகிற தட்டில் ரெண்டு கதிரை. பொண்ணு மாப்பிள்ளை ஏறி இருப்பார்களாம், படம் எடுப்பார்களாம்.

"அப்ப ஐஸ்?" என்றேன்.

"ஐஸுக்கு ஆரும் சின்ன லொறிக்காரனப் புடிப்பாங்க. நீ பட்ட பாடு போதும் றிஷானா. நான் வந்துட்டன்தானே. இனி நீ சும்மா இரி."

"போட் இழுப்பு?"

"அது என்ன, வருசத்தில ரெண்டு மூணு நாள் வேல. அதுக்காகவா?"

பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பினார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தை விரலால் தொட்டார். "இந்தக் கையப் பாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த இடத்தில் எப்படிக் கத்துவது? ஏசினால் திருப்பி ஏசலாம். அன்பாகச் சொல்லுகிற மனுசனோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

ஆனால் "சும்மா இரி" என்றால் எங்கே இருக்க? அந்த ரெண்டு கதிரையில் ஒன்றிலா?

செப்டெம்பர் 22

கொழும்பில் ஒருவரிடம் பம்பர் சொல்லியாயிற்றாம். "ஒரிஜினல், பெட்போர்ட்டுட பின் பம்பர்." சஜீத் என்னிடம் கேட்கவில்லை. சொன்னார். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இந்த மனுசனுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறது?

ஒக்டோபர் 1

பம்பர் வந்தது. பஸ்ஸில், பழைய பெட்சீட் சுற்றி. சஜீத் குழந்தைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார். மினுக்கத்துக்குக் குறைவில்லை, ஷாமிலா அதில் முகம் பார்த்தாள்.

டவுனில் இரத்தினசிங்கம் அண்ணனின் கராஜுக்குக் கொண்டுபோனோம். வாப்பா காலத்திலிருந்து இந்த லொறியின் ஒட்டு வேலை எல்லாம் அவரிடம்தான். அண்ணன் பம்பரைச் சுற்றிப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"தம்பி, இது முன் பம்பர்."

"இல்லண்ணன். பின் பம்பர் எண்டுதான் விக்கிறவன் பேஸ்புக்கில போட்டிருந்தான்."

"போட்டிருப்பான். இஞ்ச பாருங்கோ, எஞ்சினச் சுத்தி ஸ்டார்ட் பண்ற கம்பி விடுற ஓட்டை. பின்னுக்கு எதுக்கு இது? எனக்குத் தெரிஞ்சு இந்த லொறியள் வரேக்க பின் பம்பரே இல்ல. தட்டு அடிக்கிற ஆள் தனக்கு வேண்டினதப் பூட்டுவார். ஒரிஜினல் எண்டு ஒண்டு இருந்தாத்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடங்கவில்லை. தலையில் போட்ட தாவணியை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். கராஜ் வேலைக்காரரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் சஜீத்தின் முகம் சுருங்கிப் போயிருந்தது. சிரித்திருக்கக் கூடாது.

"முன் பம்பரெண்டா என்ன, பின்னுக்குப் பூட்ட ஏலாதா?" என்றார், குரலை உயர்த்தி.

அண்ணன் யோசித்தார். ஏலும், ஆனால் செசியின் பின் நுனி ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதை ஒரு சாண் வெட்ட வேண்டும், அந்த நுனியில்தான் வாப்பா சட்டத்தைப் பூட்டியிருந்தார், வெட்டினால் பிறகு அங்கே பாரமான ஒன்றும் பூட்ட ஏலாது என்றார். என்னைப் பார்த்து, "தங்கச்சி என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சிரித்த குற்றம் வாயைக் கட்டிப்போட்டது. "வீட்டில கதைச்சிட்டுச் சொல்றன் அண்ணன்" என்றேன். பிரேக்கும் பார்க்க வேண்டியிருந்ததால் லொறியையும் பம்பரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

ஒக்டோபர் 3

அவர் கதைப்பதில்லை. சரி, நான்தானே சிரித்தேன் என்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். போனில் பம்பர் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 7, திங்கள்

எழுத வருதில்ல.

உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். திரும்பி வரும்போது கராஜ் வழியாக ஓட்டோவை விடச் சொன்னேன், பிரேக் முடிந்ததா பார்ப்போம் என்று. தூரத்திலேயே நெருப்புப் பொறி பறக்குது. லொறிக்குப் பின்னால. ஓட்டோ நிற்க முன்னமே குதிச்சன். "நிப்பாட்டுங்க! அண்ணன் நிப்பாட்டுங்க!" ரோட்டெல்லாம் திரும்பிப் பார்க்குது.

வலது நுனி வெட்டியாச்சு. நிலத்தில கிடக்குது, சூடு ஆறல்ல. இடது நுனி மட்டும் நிக்குது, ஒத்தக் கொம்பு மாடு மாதிரி.

சஜீத் பக்கத்தில நிக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு.

இரத்தினசிங்கம் அண்ணன் வெட்டுற மெசினக் கீழ வச்சார். "தங்கச்சி, வீட்டில கதைச்சாச்சு எண்டு தம்பி சொன்னாரே?"

கதைச்சாச்சா? எப்ப? ஆரோட? சுவரோடயா? என்ட லொறி. என்ட பேர்ல இரிக்கிற லொறி. நான் ஆஸ்பத்திரியில உம்மாட கையப் புடிச்சிட்டு வரிசையில நிக்கிற நேரம் பார்த்து வெட்டுறார். பக்கீர் காக்காக்கு நான் என்ன சொல்ற? பின்னுக்கு வரும் வரும் எண்டு சொன்னனே, இதத்தானா?

உம்மா ஓட்டோவுக்குள் இருந்து, "என்ன புள்ள, ஆருக்கு என்ன?" என்று கத்திக்கொண்டிருக்கிறார். கண்ணில் மருந்து, ஒன்றும் தெரியாது. ஏறி வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 8

யா அல்லாஹ், பொறுமையைத் தா. அவருக்கில்லை, எனக்கு.

ஒக்டோபர் 10

ஐஸுக்கு இன்று வேறு லொறி வந்தது. வாசலில் நின்று பார்த்தேன். போகும்போது ஹோன் அடித்துவிட்டு வேறு போகிறான்.

அந்தச் சத்தத்தோடு எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்க் கேட்டேன். ஏன் வெட்டினீங்க? என்னட்டக் கேட்டா என்ன, நாக்கு தேஞ்சு போகுமா?

"கேட்டா நீ வேணாம் எண்டுதான் சொல்லுவ."

"அப்ப தெரிஞ்சே செஞ்சிருக்கிறீங்க!"

"உனக்காகத்தான் செஞ்சன்."

"எனக்காகவா? அந்த நுனியிலதான் அத்தன போட்டும் தொங்கும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது!" என்று கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. "எனக்கெப்படித் தெரியும்? ஒன்பது வருசம் போன்ல என்ன சொன்ன? நல்லம், எல்லாம் நல்லம். லொறி ஓடுது, நல்லம். அத எதில கட்டி எப்படி இழுக்கிற எண்டு ஒருக்காச் சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் இல்லாம இந்த வீடு நல்லா ஓடுது றிஷானா. புள்ளைக்கு ஒண்டு வேணுமெண்டாலும் உன்னட்டத்தான் கேட்கிறா. லொறியில ஏறினாலும் நீ ஓட்ட நான் பக்கத்தில குந்தி இரிக்கிறன். எனக்கு இஞ்ச என்ன வேல? சொல்லு. நானும் ஒண்டச் செஞ்சு முடிப்பமெண்டு பார்த்தன்."

கோபம் போகவில்லை. ஆனால் அதைப் பிடித்து நிற்க முந்தின மாதிரி இடமில்லை. அதுவும் எரிச்சல்தான்.

ஒக்டோபர் 12

தனியாகக் கராஜுக்குப் போனேன். பஸ்ஸில்.

இரத்தினசிங்கம் அண்ணனுக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். வெட்டின துண்டைத் திருப்பி ஒட்டித் தரலாம், ஆனால் கயிறு கட்டி இழுத்தால் தான் பொறுப்பில்லை என்றார்.

"நுனியில பூட்டாமப் பூட்டினா?" என்றேன். படுத்து லொறிக்குக் கீழே நுழைந்தேன். அண்ணனும் முனகிக்கொண்டு வந்து படுத்தார். நுனியை விடுவோம். புதுசாகச் செய்கிற பம்பரிலிருந்து ரெண்டு நீளக் கை செசிக்கு உள்பக்கமாகவே முன்னுக்கு ஓடி, அச்சுக்குக் கிட்ட இருக்கிற குறுக்குச் சட்டம்வரை போகட்டும். வழியில் போல்ட் இறுக்கினால் பாரம் முழுக்கச் செசியில்தானே ஏறும்?

அண்ணன் கொஞ்ச நேரம் கையால் தடவிப் பார்த்தார். "ஏலும். ஆனா நல்ல தடிச்ச இரும்பு வேணும் தங்கச்சி. ஒட்டு ஒண்டையும் நம்ப ஏலாது, எல்லாம் போல்ட்டுத்தான்."

ஒக்டோபர் 14

சீனன்குடா ரோட்டில் பழைய இரும்பு உடைக்கிற இடம். நான் போகிறேன் என்று சொல்லவில்லை, சஜீத் தானாக வந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

ஏதோ ஒரு பழைய இறங்குதுறைக் கூரையிலிருந்து கழற்றின சட்டங்கள் குவிந்து கிடந்தன. 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி வெட்டு முகம். சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனேன். துரு பிடித்தது பொத்தென்று சொல்லும். ஒன்று மணி மாதிரிக் கணீரென்றது. அதைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் வழக்கம்போல அவரைப் பார்த்து, "இதா காக்கா எடுக்கிறீங்க?" என்றார். சஜீத் என் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு அப்பவும் சிரிக்க மனமில்லை.

ஒக்டோபர் 16

பூட்டு வேலை தொடங்கியது. பூட்டு வேலையா அது, சித்திரவதை. வலப்பக்க ஓட்டை சரி. இடப்பக்கம் விரலளவு தள்ளி நிற்கிறது. மறுபடி கழற்றி, அளந்து, ஏற்றினால் இப்போது வலப்பக்கம் வராது. செசியே எப்பவோ கொஞ்சம் முறுகியிருக்கிறது, எந்தக் காலத்தில் எந்தப் பள்ளத்தில் விழுந்ததோ. டிரில் அலகு முறிந்தது. புது அலகு வாங்கி வந்தால் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தால் மழை, கராஜ் கூரை சரியாக நாங்கள் படுத்த இடத்தில்தான் ஒழுகுகிறது. அண்ணன் இன்றைக்கு முருகனைக் கூப்பிட்ட மாதிரி வெருகல் கோயிலில்கூட ஆரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஒக்டோபர் 17

சஜீத் கடை அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்தார். செசியோடு அதை ஒட்டிப் பிடித்து, ஓட்டை இருக்கிற இடமெல்லாம் கிரீஸ் விரலால் அழுத்தி அடையாளம் எடுத்தார், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. கட்டாரில் ஏசி மாட்டும்போது இப்படித்தான் என்று அண்ணனுக்குச் சொன்னார், கட்டடம் கோணலென்றால் கோணலுக்குத்தான் ஓட்டை. அட்டையை இரும்பில் வைத்துத் துளைத்தார்கள். போல்ட் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குச் சந்தோசம் வர வேண்டும். நேற்றே ஏன் சொல்லவில்லை என்றுதான் வந்தது.

நாள் முழுக்க அவர் லொறிக்குக் கீழே கிடந்தார். சண்டைக்குப் பிறகு என்னிடம் முதலில் பேசிய சொல் "ஸ்பெனர்". கொடுத்தேன். "இதில்ல, பெரிசு." பெரியதைக் கொடுத்தேன்.

அந்தியில் லொறியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின் பம்பர் பார்க்க அழகில்லை. தடித்து, கறுத்து, ஒரு பக்கம் சற்று ஏறி. மினுங்கின பம்பர் குசினிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, உம்மா அதில் பிடவை காயப் போடுகிறார்.

ஒக்டோபர் 19, சனி

இதுதான் மிச்சமிருந்தது. பக்கீர் காக்கா வந்து பம்பரைக் காலால் உதைத்துப் பார்த்தார். திருப்தி. ஆனால் தலையைச் சொறிகிறார்.

"கயித்தில ஆர் நிக்கிற புள்ள?"

இழுக்கும்போது ஒருவர் முடிச்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். லொறி மேலே கெட்டி மண்ணில், போட் மண் திட்டுக்குக் கீழே, என் கண்ணுக்குத் தெரியாது. அவர்தான் கையைத் தூக்கி வைத்திருப்பார், எல்லாம் சரியென்றால் இறக்குவார், நான் இழுப்பேன். ஏதாவது பிய்ந்தால் முதல் அடி அவருக்குத்தான். ஒவ்வொரு வருசமும் காக்காவின் ஆள் ஒருவர் நிற்பார்.

"எல்லாரும் கேள்விப்பட்டுட்டாங்க, செசிய வெட்டின கத. ஒருத்தனும் வாறானில்ல. நான் சொல்லிப் பார்த்துட்டன். வெட்டின லொறிக்குப் பக்கத்தில நிக்க அவனுகளுக்கும் பொண்டாட்டி புள்ள இரிக்கிதானே."

திங்கட்கிழமை வரச் சொன்னார். வந்து பார்ப்போமாம்.

இத்தனை பாடும் பட்டு, கடைசியில் ஒரு மனுசன் நிற்க இல்லாமல் போகப் போகிறதா?

ஒக்டோபர் 21, திங்கள்

கடல் கறுத்துக் கிடந்தது. லொறியை மேட்டில் நிறுத்தினேன். கயிறு கீழே இருந்து வந்து பம்பரில் முடிச்சு விழுந்தது. ஆட்கள் எல்லோரும் போட்டைச் சுற்றி நிற்கிறார்கள், உருளைக் கட்டைகளோடு. பம்பருக்குப் பக்கத்தில் யாருமில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் பார்த்தால் கடலைப் பார்க்கிறார்கள்.

"அப்ப நான் நிக்கிறன்! ஆரும் வந்து லொறிய ஓட்டுங்க!" என்று கத்தினேன். ஆருக்கு ஓட்டத் தெரியும்?

சஜீத் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முடிச்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீங்க வேணாம்" என்றேன். "உங்களுக்கு ஒண்டும் தெரியாது. பிஞ்சா நெஞ்சிலதான் அடிக்கும்."

"வெட்டச் சொன்னவன் நான்தானே. வேற ஆளையா நிப்பாட்டுற? போய் ஏறு."

ஏறினேன். கண்ணாடியில் அவர் கை உயர்ந்து நின்றது. கீழே இருந்து "இழு, இழு!" என்று சத்தம் வந்தது. நான் என்றைக்கும் கையை அவ்வளவு பார்ப்பதில்லை, சத்தம் வந்தால் இழுப்பேன், இத்தனை வருசமும் அப்படித்தான். கிளட்சை விட்டேன். கயிறு விம்மி எழும்பியது. பம்பர் ஒரு முறை முனகியது. அசையவில்லை, சுப்ஹானல்லாஹ், ஒரு நூலும் அசையவில்லை! பின்னால் சஜீத்தின் குரல் கிழிந்த மாதிரிக் கேட்டது: "நிப்பாட்டு! நிப்பாட்டு!"

மிதித்தேன். அவர் ஓடி வந்து கதவைப் பிடித்தார்.

"கை இறங்கல்ல. ஏன் விட்ட?"

"கீழ இழு எண்டாங்க…"

"கட்டை நேராக்க ஒருத்தன் போட்டுக்குக் கீழ பூந்திருந்தான் றிஷானா. இழுத்து எடுத்தாங்க. இல்லாட்டி போட் அவன்ட காலுக்கு மேலால போயிருக்கும்."

அவர் ஏசுவார் என்று பார்த்தேன், ஊருக்கு முன்னால், ஏசட்டும். ஏசவில்லை. திரும்பிப் போய் அதே இடத்தில், முடிச்சுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினார்.

மழை தொடங்கிவிட்டது. கீழே மறுபடி "இழு, இழு" என்கிறார்கள். பக்கீர் காக்காவும் கத்துகிறார், "என்ன புள்ள யோசிக்கிற?" கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, தலையை வெளியே போட்டுப் பார்க்கிறேன். கை உயர்ந்தபடி நிற்கிறது. என்னத்தைப் பார்க்கிறாரோ, எதுக்கு இவ்வளவு நேரமோ. கிளட்சை இன்னும் அழுத்தி மிதிக்கிறேன். நான் விடவில்லை.

கை இறங்கிய பிறகுதான் விட்டேன்.